பர்னபாவின் இரண்டாவது காணிக்கை

(நம் மருத்துவமனையின் ஆதரவாளர் ஐக்கியக் கூடுகையில் அளிக்கப்பட்ட செய்தி. வர இயலாமற்போன பங்காளர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



அதிகாலையிலேயே பஸ்ஸிலும் ரயிலிலும் புறப்பட்டு வந்து, வார்டுகளைச் சுற்றிப் பார்த்து, நோயாளிகளின் கட்டிலருகே நின்று ஜெபித்துவிட்டு, இப்போது இந்த வேப்பமர நிழலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களில் பலரை நேரில் அறிவோம். சிலரைக் கடிதங்களின் மூலமாகவே இதுவரை அறிந்திருந்தோம். உங்களை முகமுகமாய்க் காணக் கிருபை செய்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

இந்தக் கூடுகையில் நாங்கள் வழக்கமாக என்ன சொல்லுவோம் என்று உங்களுக்குத் தெரியும். எத்தனை அறுவை சிகிச்சை நடந்தது, எத்தனை பிரசவம் பார்த்தோம், புதிய கட்டடத்துக்கு எவ்வளவு செலவானது என்று கணக்குச் சொல்லுவோம். அந்தக் கணக்கெல்லாம் உங்கள் கையில் இருக்கும் ஆண்டறிக்கையில் உள்ளது. அந்த அறிக்கையில் இல்லாத ஒன்றை இன்று சொல்ல விரும்புகிறோம். அது எங்களுடைய ஒரு தோல்வி.

போய்விட்ட பிள்ளை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராம சபையிலிருந்து ஒரு பெண்பிள்ளை நம் நர்சிங் பள்ளியில் வந்து சேர்ந்தாள். ஓய்வுநாள் பள்ளியில் சிறுபிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொடுத்தவள். நன்றாகப் பாடுவாள். அவளுடைய ஊர்ச் சபையார் தங்களுக்குள் பணம் சேர்த்து முதல் வருடக் கட்டணத்தைக் கட்டி, ஜெபித்து அனுப்பி வைத்தார்கள். முதல் வருடம் முழுவதும் சிற்றாலயத்தில் முன்வரிசையில்தான் இருப்பாள்.

இரண்டாம் வருடத்தில் காலை தியானத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். எங்களுக்குத் தெரிந்ததை நாங்கள் செய்தோம். வராதவர்களின் பெயர்களை அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டோம். விடுதிக் கண்காணிப்பாளர் கூப்பிட்டுக் கண்டித்தார். பின்வாங்கிப்போதல் என்ற தலைப்பில் பேசும்படி வெளியூரிலிருந்து ஒரு செய்தியாளரை அழைத்து மூன்று நாள் சிறப்புக் கூட்டமும் நடத்தினோம். அவளும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் மாதம் அவளுடைய தகப்பனார் வந்தார். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இருவரும் போய்விட்டார்கள்.

அன்று மாலை, குழந்தைகள் வார்டில் வேலை பார்த்த ஆயாம்மா எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. "ஐயா, அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு உங்கள்ல ஒருத்தராவது கேட்டீங்களா?" என்றார்கள்.

நடந்தது இதுதான். ஒரு நாள் நைட் டியூட்டியில் ஜன்னி கண்ட ஒரு குழந்தையை மிகவும் தாமதமாகக் கொண்டுவந்தார்கள். டாக்டர் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டார். விடியும் முன்னே அந்தக் குழந்தை இந்தப் பிள்ளையின் கையிலேயே உயிர் விட்டது. சாவை அவள் பார்த்தது அதுவே முதல் தடவை. குழந்தையின் கட்டிலருகே முழங்காலிட்டு ஜெபித்திருக்கிறாள். ஜெபம் கேட்கப்படவில்லை என்று நினைத்தாள். தான் ஜெபிக்கத் தகுதியில்லாதவள் என்று பிறகு நினைத்தாள். ஏதோ ஒன்றைத் தான் சீக்கிரம் கவனித்திருந்தால் குழந்தை பிழைத்திருக்கும் என்று தன்னையே குற்றம் சாட்டிக்கொண்டாள். இதையெல்லாம் ஆயாம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். பின்கட்டில் இருவரும் கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்த வேளையில் சொல்லியிருக்கிறாள்.

அந்த வருடத்தில் அவளுக்குத் தினமும் தியானம் இருந்தது. வாரம் ஒரு வேதபாடம், மாதம் ஒரு உபவாச ஜெபம் இருந்தது. நூற்றுக்கணக்கான செய்திகளைக் கேட்டிருப்பாள். அவள் சொல்லுவதைக் கேட்க மட்டும் எங்களில் ஒருவருக்கும் நேரம் இல்லை. அவளைக் கைவிடவேண்டுமென்று நாங்கள் நினைக்கவில்லை. அவளுக்காக ஜெபிக்கவும் செய்தோம். ஆனால் பக்கத்தில் போய் உட்காரவில்லை.

அதற்குப் பின்பு சீஷராக்குதல் என்றால் என்ன என்று வேதத்தைத் திறந்து புதிதாகப் படிக்கத் தொடங்கினோம். அப்போது எங்கள் கண்ணில் பட்டவர் பர்னபா.

நிலத்தை விற்றவர்

அப்போஸ்தலர் நடபடிகள் 4ஆம் அதிகாரத்தின் முடிவில் பர்னபா நமக்கு அறிமுகமாகிறார். சீப்புரு தீவைச் சேர்ந்த லேவியர். சொந்தப் பெயர் யோசே. தன் நிலத்தை விற்று, அந்தப் பணத்தைக் கொண்டுவந்து அப்போஸ்தலருடைய பாதத்தில் வைத்தார். அதாவது, பர்னபா முதலாவது ஒரு காணிக்கையாளர். இங்கே கூடியிருக்கும் நம்மைப் போன்றவர்.

அவர் அதோடு நின்றிருந்தால் நல்ல மனிதர் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு வேதம் கடந்து போயிருக்கும். அந்த நிலத்தின் விலை எவ்வளவு என்று கூட எழுதப்படவில்லை. அவர் பின்னால் கொடுத்த இரண்டாவது காணிக்கைதான் நடபடிகள் புத்தகத்தில் பக்கம் பக்கமாய் வருகிறது. அது அவருடைய நேரம், அவருடைய நல்ல பெயர், அவருடைய தோழமை.

9ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். மனந்திரும்பின சவுல் எருசலேமுக்கு வருகிறார். சபையார் யாரும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பயந்தார்கள். பயப்படக் காரணமும் இருந்தது. ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றவர்களின் வஸ்திரங்களைக் காவல் காத்தவர் அல்லவா? அப்போது பர்னபாதான் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு அப்போஸ்தலரிடம் போனார். வழியிலே கர்த்தர் அவரைச் சந்தித்ததை எடுத்துச் சொன்னார். அப்படிச் சொல்ல வேண்டுமானால், சவுலின் கதையை அதற்கு முன்னே பர்னபா உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். மற்றவர்கள் சவுலைப் பற்றிக் கேள்விப்பட்டார்கள். பர்னபா சவுலிடமே கேட்டார்.

11ஆம் அதிகாரத்தில் அந்தியோகியா சபை வேகமாக வளருகிறது. அந்த வேலையைக் கவனிக்கப் பர்னபாவை அனுப்புகிறார்கள். பெரிய சபை, நல்ல பெயர், எல்லாம் அவருக்கே வந்திருக்கும். அவரோ சவுலைத் தேடித் தர்சுவுக்குப் புறப்பட்டுப் போனார். சவுல் தன் சொந்த ஊருக்குத் திரும்பிப் போய் ஆண்டுகள் கடந்திருந்தன. சபையில் பலருக்கு அவர் ஞாபகமே இருந்திருக்காது. பர்னபா ஆள் அனுப்பவில்லை, தானே போனார். கண்டுபிடித்தார். கூட்டிக்கொண்டு வந்தார். ஒரு வருடம் முழுவதும் இருவரும் சேர்ந்து அதே சபையில் போதித்தார்கள். அந்த ஊரிலேதான் சீஷர்களுக்கு முதல்முதலாகக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் வழங்கிற்று.

13ஆம் அதிகாரத்தில் இன்னொரு காரியத்தைக் கவனியுங்கள். புறப்படும்போது பர்னபாவும் சவுலும் என்று எழுதியிருக்கிறது. சீப்புரு தீவைக் கடந்தவுடன் பவுலும் அவரோடிருந்தவர்களும் என்று மாறிவிடுகிறது. தான் கைபிடித்து நடத்தின பிள்ளை முன்னே போகிறான். பர்னபா அதைக் குறித்து முறுமுறுத்ததாக ஒரு வார்த்தையும் இல்லை. பின்னால் நிற்கத் தெரிந்தவரே ஒருவரை வளர்க்க முடியும்.

திரும்பிப் போன மாற்கு

அந்தப் பயணத்தில் மாற்கு என்னும் வாலிபனும் கூட இருந்தான். பம்பிலியா நாட்டுப் பெர்கே பட்டணத்திலே அவன் அவர்களை விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிப் போய்விட்டான். ஏன் போனான் என்று வேதம் சொல்லவில்லை. பயமோ, வீட்டு நினைவோ, உடம்புக்கு முடியவில்லையோ, தெரியாது. எங்கள் நர்சிங் பள்ளிப் பிள்ளையின் டிரங்குப் பெட்டியைத்தான் நாங்கள் அங்கே பார்த்தோம்.

அடுத்த பயணத்துக்கு மாற்குவையும் அழைத்துப் போகலாம் என்றார் பர்னபா. பாதியில் விட்டுப் போனவன் வேண்டாம் என்றார் பவுல். இரண்டு பெரிய ஊழியர்களுக்குள்ளே கடுமையான வாக்குவாதம் வந்து, பிரிந்தே போனார்கள். பவுல் வேலையை நினைத்தார், பர்னபா ஆளை நினைத்தார். இரண்டும் தேவைதான். ஆனால் பர்னபா அன்று மாற்குவை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மாற்குவைச் சேர்த்துக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பல் ஏறினார். அதற்குப் பின் நடபடிகள் புத்தகத்தில் பர்னபாவின் பெயர் வருவதில்லை.

மாற்குவின் பெயரோ வருகிறது. சிறையிலிருந்து கொலோசெயருக்கு எழுதும்போது மாற்கு தன்னோடிருப்பதாகப் பவுல் எழுதுகிறார். தன் கடைசி நாட்களில் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்துக்கு அவன் எனக்கு உதவியானவன் என்ற கருத்தில் கேட்டுக்கொள்கிறார். வேண்டாம் என்று ஒதுக்கினவரே வேண்டும் என்று கேட்கிறார். இரண்டாம் சுவிசேஷத்தை எழுதியவர் இந்த மாற்குதான் என்று சபை ஆதிமுதல் சொல்லி வருகிறது. பர்னபா எழுதியதாக நம் வேதாகமத்தில் ஒரு நிருபமும் இல்லை. ஆனால் அவர் கையைப் பிடித்து நடத்திய இருவர் எழுதியவற்றை நாம் ஒவ்வொரு ஞாயிறும் வாசிக்கிறோம்.

வேலூரிலிருந்து ஒரு பாடம்

இது வேதகாலத்தோடு முடிந்துபோன காரியமல்ல. நம் தமிழ்நாட்டு மருத்துவ ஊழியமே இதற்குச் சாட்சி. ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவ வேதனையில் மூன்று பெண்கள் மரித்ததைக் கண்டு, டாக்டருக்குப் படித்து, 1900இல் வேலூருக்கு வந்தவர். 1902இல் அங்கே மருத்துவமனை திறக்கப்பட்டது. அமெரிக்காவில் ஒருவர் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த காணிக்கையால் அது எழும்பியது.

கட்டடம் கிடைத்துவிட்டது, நோயாளிகளும் வந்தார்கள். அவர் அதோடு திருப்தியடையவில்லை. ஒரு டாக்டர் ஆயுசு முழுவதும் ஓடினாலும் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? 1909இல் நர்சுகளுக்குப் பயிற்சி தொடங்கினார்கள். 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியைத் திறந்தார். அம்மையார் 1960இல்தான் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அதற்கு முன்னமே, 1940களின் கடைசியில், நம் நாட்டைச் சேர்ந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் அம்மையார் அந்த நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றிருந்தார். தான் உயிரோடிருக்கும்போதே மற்றவர் கையில் வேலை செழிப்பதைக் காண்பது பெரிய பாக்கியம்.

அதே வேலூரில் இன்னொரு சம்பவம். டாக்டர் மேரி வர்கீஸ் அங்கே படித்து வேலை பார்த்த இளம் மருத்துவர். 1954இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் போயிற்று. டாக்டராக இருந்தவர் நோயாளியாகப் படுத்துவிட்டார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் சீராக்கி வந்த டாக்டர் பால் பிராண்ட், மீண்டும் மருத்துவராக வேலை செய்வதைப் பற்றி யோசிக்கும்படி அவரைத் தூண்டினார். கையில் செய்யும் சிகிச்சையை உட்கார்ந்தே செய்யலாம் அல்லவா? சக்கர நாற்காலியில் அமர்ந்து மேரி வர்கீஸ் தொழுநோயாளிகளின் கைகளுக்குச் சிகிச்சை செய்தார். பிறகு வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, தன்னைப் போல் முடங்கிப்போனவர்களை எழுப்பி உட்காரவைக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். 1966இல் வேலூரில் அதற்கென்று ஒரு மறுவாழ்வு நிலையமே திறக்கப்பட்டது.

பிராண்ட் செய்தது என்ன? ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆறுதல் சொல்லி ஜெபித்துவிட்டும் போயிருக்கலாம். அவர் தன் வேலையிலே அவருக்கு ஒரு பங்கு கொடுத்தார். கூட வைத்துக்கொண்டு வேலை செய்வதே சீஷராக்குதலின் பாதி என்று இதில் கற்றுக்கொண்டோம்.

நம் திருநெல்வேலி மண்ணின் மைந்தர் வேதநாயகம் சாமுவேல் அசரியாவையும் இங்கே நினைக்க வேண்டும். 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேசினார். மேல்நாட்டார் இந்தியாவுக்குப் பொருளையும் உயிரையும் கொடுத்ததை நன்றியோடு ஒத்துக்கொண்டார். அதற்குப் பின் அவர் கேட்டது பணத்தையல்ல. எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற வேண்டுகோளை வைத்தார். அந்தக் கூட்டத்தில் பலருக்கு அது கசந்தது. ஆனாலும் அந்த வேண்டுகோள் இன்னும் நம் காதில் விழுகிறது. 1912இல் அவர் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவரே.

நாங்கள் இப்போது செய்வது

அந்தப் பிள்ளை போன பிறகு நாங்கள் புதிய கூட்டம் எதையும் தொடங்கவில்லை. இருக்கிற கூட்டத்தில் ஒன்றைக் குறைத்தோம். அந்த நேரத்தில், புதிதாக வரும் ஒவ்வொரு மாணவிக்கும், ஒவ்வொரு இளம் டாக்டருக்கும், லேப் பையனுக்கும் மூத்தவர் ஒருவரைச் சேர்த்து வைத்தோம். வாரம் ஒரு தடவை இருவரும் சேர்ந்து டீ குடிக்க வேண்டும், அவ்வளவுதான். தவறுகள் பல செய்தோம். அவற்றிலிருந்து கற்ற சிலவற்றை உங்கள் சபைகளுக்கும் உதவும் என்று சொல்லுகிறோம்.

முதலாவது, பேசும் முன் கேட்க வேண்டும். எம்மாவு வழியில் நடந்த இருவரிடம் உயிர்த்தெழுந்த ஆண்டவர் முதலில் பிரசங்கிக்கவில்லை. என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று விசாரித்தார். அவர்கள் தங்கள் துக்கத்தைக் கொட்டி முடிக்கும்வரை கூடவே நடந்தார். அதற்குப் பின்பே வேதத்தை விளக்கினார். எங்களில் சிலர் முதல் நாளே வசனத்தை எடுத்தோம். பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்கள்.

இரண்டாவது, உடம்பையும் பார்க்க வேண்டும். எலியா சூரைச்செடியின் கீழ்ச் சாகவேண்டும் என்று படுத்திருந்தபோது, கர்த்தர் அவரைத் தூங்கவிட்டார். சுட்ட அடையும் தண்ணீரும் இரண்டு தடவை கொடுத்த பிறகே பேசினார். தொடர்ந்து நைட் டியூட்டி பார்த்த பிள்ளையின் சோர்வுக்கு விசுவாசக் குறைவு என்று பெயர் வைக்கலாகாது. அதேபோல், தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் வாரக்கணக்கில் துக்கித்திருப்பவரை ஜெபம் போதும் என்று நிறுத்தி வைக்காமல் மனநல மருத்துவரிடமும் கூட்டிப் போக வேண்டும். மருந்தும் கர்த்தர் தந்ததுதான் என்று மருத்துவமனைக்காரராகிய நாங்கள் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லுவார்கள்?

மூன்றாவது, கேட்டதைக் காப்பாற்ற வேண்டும். ஒரு வாலிபன் தனியாகச் சொன்னதை மூத்தவர் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், ஜெபக் கூட்டத்தில் ஜெபக்குறிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வாலிபன் அதற்குப் பின் எங்கள் யாரிடமும் மனந்திறக்கவில்லை. பெண்பிள்ளைகளுக்குப் பெண்களையே சேர்த்து வைக்கிறோம். சந்திப்பும் நாலுபேர் நடமாடும் இடத்தில்தான்.

நான்காவது, நம்மைப் போல ஆக்கக்கூடாது. கிறிஸ்துவைப் போல ஆகத் துணை நிற்க வேண்டும். நாம் ஜெபிக்கும் தொனியிலேயே அவனும் ஜெபிக்கிறான் என்றால் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. நம்மிடம் கேட்காமல் அவனே வேதத்தைத் திறந்து, அவனே இன்னொருவனுக்குத் தோள்கொடுக்கிற நாள்தான் நம் வேலை முடிகிற நாள். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 2ஆம் அதிகாரத் தொடக்கத்தில் நாலு தலைமுறை இருக்கிறது. பவுலிடம் தீமோத்தேயு கேட்டது, தீமோத்தேயுவிடம் உண்மையுள்ளவர்கள் கேட்பது, அவர்களிடம் மற்றவர்கள் கேட்பது. சங்கிலி நம்மிடம் வந்து அறுந்துவிடக்கூடாது.

ஐந்தாவது, விழுந்தவரை விடக்கூடாது. இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். நேரம் செலவழித்து, நம்பி, பிறகு ஏமாந்த அனுபவம் எங்களுக்கும் உண்டு. சேர்த்து வைத்த ஜோடிகளில் சில ஒட்டவே இல்லை. சிலர் எங்களை விட்டுப் போனார்கள். ஆனால் இப்போது யார் போனாலும், ஏன் போகிறார் என்று தெரிந்தவர் ஒருவராவது எங்களில் இருக்கிறார். போனவரை விசாரிக்கவும் ஒருவர் இருக்கிறார்.

ஆயாம்மா

அந்தப் பெண்பிள்ளை என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். அவள் எங்களிடம் திரும்பி வரவில்லை. எங்கள் கடிதத்துக்கும் பதில் போடவில்லை. அதற்கு அவளைக் குறைசொல்ல எங்களுக்கு உரிமையும் இல்லை.

ஆனால் ஆயாம்மா அவளை விடவில்லை. ஆயாம்மா வேதத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். மேடையில் ஒரு நாளும் ஜெபித்ததில்லை. தன் பேத்தியிடம் போனைக் கொடுத்து நம்பரைப் போடச் சொல்லி, மாதம் தவறாமல் அந்தப் பிள்ளையோடு பேசியிருக்கிறார்கள். முதல் சில மாதங்கள் அவள் எடுக்கவே இல்லையாம். "எடுக்காட்டி என்னய்யா, மணி அடிச்சா நான்தான்னு அவளுக்குத் தெரியும்ல?" என்றார்கள் எங்களிடம். ஒரு வருடம் கழித்து அவள் வேறோர் ஊரில் படிப்பைத் தொடர்ந்து முடித்தாள். இன்று ஒரு மருத்துவமனையில், குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறாள்.

ஆயாம்மா ஓய்வு பெற்ற நாளன்று அவள் வந்திருந்தாள். எங்களோடு அதிகம் பேசவில்லை. புறப்படும் முன் ஒன்று மட்டும் சொன்னாள். அவளுடைய வார்டில் பயிற்சிக்கு வருகிற பிள்ளை யாராவது முதல்முறையாக ஒரு சாவைப் பார்த்தால், டியூட்டி முடிந்ததும் அந்தப் பிள்ளையைத் தனியே அறைக்குப் போகவிடுவதில்லையாம். காப்பி வாங்கிக் கொடுத்துப் பக்கத்திலே உட்காருவாளாம். "ஆயாம்மா எனக்குச் செஞ்சது அதுதானே" என்றாள்.

எங்கள் ஆண்டறிக்கை எதிலும் ஆயாம்மாவின் பெயர் வந்ததில்லை. அவர்களிடம் விற்பதற்கு நிலமும் இருந்ததில்லை. பர்னபாவின் முதல் காணிக்கையைக் கொடுக்க அவர்களால் முடியவில்லை. இரண்டாவதைக் கொடுத்துவிட்டார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

பிரியமானவர்களே, உங்கள் காணிக்கையால் இங்கே பல ஏழைகள் பிழைத்திருக்கிறார்கள். அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறோம். தொடர்ந்து கொடுங்கள் என்றும் தயங்காமல் கேட்கிறோம். ஆனால் இன்று நீங்கள் வீடு திரும்பும்போது காணிக்கைக் கவரோடு இன்னொன்றையும் எடுத்துப் போங்கள். ஒரே ஒரு பெயர்.

உங்கள் சபையில் திடப்படுத்தல் பெற்று, இரண்டு வருடம் வந்து, பிறகு காணாமற்போன ஒரு வாலிபன் இருப்பான். வெளியூர் வேலைக்குப் போய்ப் பேச்சு நின்றுபோன ஒரு மகள் இருப்பாள். புதிதாக விசுவாசத்துக்கு வந்து, எந்தப் பெஞ்சில் உட்காருவது என்று தெரியாமல் வாசலோரம் நிற்கிற ஒரு குடும்பம் இருக்கும். பத்துப் பேரை எடுக்காதீர்கள். ஒருவரை எடுங்கள். தர்சுவுக்குப் போவதுபோல அவர் வீட்டுக்குப் போங்கள். ஆலயத்துக்கு ஏன் வரவில்லை என்று தொடங்காதீர்கள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை உட்கார்ந்திருங்கள். ஒரு வருடம் செலவாகலாம். பர்னபாவுக்கும் ஒரு வருடம் செலவாயிற்று.

வயதாகிவிட்டது, படிப்பில்லை, பேசத் தெரியாது என்று சொல்லுவீர்களானால், ஆயாம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கூடுகைக்கு வரும்போது, உங்கள் காணிக்கை எப்படிச் செலவானது என்று நாங்கள் கணக்குச் சொல்லுவோம். நீங்கள் எடுத்த அந்த ஒருவர் எப்படி இருக்கிறார் என்று நீங்களும் எங்களுக்குச் சொல்ல வேண்டும்.

காணாமற்போன ஒன்றைத் தேடிப்போகிற நல்ல மேய்ப்பராகிய கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் உங்கள் சபைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.